மெய்க்காட்சி என்னும் சரக்கு



சில மாதங்களுக்கு முன் நம்மவர் கடையொன்றில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு இம்மாதப் பாடத்தைத் தொடங்குவது நலமெனக் கருதுகிறோம்.

மாலை நேரம், கடையில் நல்ல கூட்டம். கல்லாவில் முந்நூறு வெள்ளி குறைந்தது. ஊரிலிருந்து வந்து ஓராண்டுகூட நிறையாத ஒரு சிப்பந்தித் தம்பியின்மீது சந்தேகம் விழுந்தது. முதலாளி அவனை நடுக்கடையில் நிறுத்திக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பையன் அழுதான், தன் பையைத் திறந்து கொட்டிக் காட்டினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கைபேசியை எடுத்து அத்தனையையும் படம்பிடித்தார். இஷாத் தொழுகைக்குமுன் அந்தப் படம் நம் ஜமாஅத்தாரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டது. “முழியைப் பார்த்தாலே தெரிகிறது” என்றார் ஒருவர். “அழுகையெல்லாம் நடிப்பு” என்றார் மற்றொருவர். “இவனை உடனே வெளியேற்ற வேண்டும்” என்று மூன்றாமவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

மறுநாள் காலை கணக்குப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த முந்நூறு வெள்ளி காய்கறிக்காரருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது; பேரேட்டில் பதிய மறந்துவிட்டார்கள். முதலாளி மனம் நொந்து மன்னிப்புக் கேட்டார். பையனும் மன்னித்தான். ஆயினும் அவன் அடுத்த மாதமே ஊர் திரும்பிவிட்டான். படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குழுக்களில் நாமும் இருந்தோம். பார்த்தோம், சிலர் சிரித்தோம், சிலர் அடுத்தவருக்கு அனுப்பினோம். “நிறுத்துங்கள்” என்று எழுதியவர் ஒருவருமில்லை. ஐந்து வேளை தொழுகிற மக்களுக்கு இப்படிப்பட்ட பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

ஊர்வம்பு பழையது; அதைத் தொலைக்காட்சி படைத்ததென்று சொல்வது நியாயமாகாது. ஆனால் திண்ணையில் கூச்சத்தோடு நடந்த அந்த வம்புக்கு, ‘ரியாலிட்டி ஷோ’ எனப்படும் மெய்க்காட்சிகள் ஒரு மேடையும், ஒரு மரியாதையும், இரவுதோறும் ஒரு குறித்த நேரமும் ஏற்படுத்திக் கொடுத்தன. “வெளியேற்ற வேண்டும்” என்ற அந்தச் சொல்லே அங்கிருந்து நம் வாய்க்கு வந்ததுதான். ஆகவே இந்தச் சரக்கு எங்கே விளைந்தது, எவ்வாறு தயாராகிறது, இதில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பதை வியாபாரிகளாகிய நாம் நமக்குத் தெரிந்த கணக்கின்படியே பார்ப்போம்.

சரக்கின் பிறப்பு

அமெரிக்காவில் 1948 இல் ‘கேண்டிட் கேமரா’ என்றொரு நிகழ்ச்சி தொடங்கியது. சாமானிய மனிதர் அறியாமல் அவரை ஏமாற்றி, அவர் திகைப்பதை மறைந்திருந்து படம்பிடித்துக் காட்டுவதே அதன் வேலை. பிறகு 1973 இல், கலிபோர்னியாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைக் காட்டும் ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ என்ற தொடர் ஒளிபரப்பாயிற்று. மனைவி கணவனிடம் மணவிலக்குக் கேட்ட நேரத்திலும் படக்கருவி ஓடிக்கொண்டிருந்தது. பூட்டிய கதவுக்குள் இருக்க வேண்டிய துயரம் நாடறிந்த காட்சியாக மாறியது அப்போதுதான்.

இது பெருவியாபாரமாக வளர்ந்ததற்குக் காரணம் அடக்கவிலை. 1988 இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தார் 22 வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். கதை எழுத ஆளில்லை. ஆனால் ஒளிபரப்பு நேரத்தை நிரப்பியாக வேண்டும். காவலர்களின் பின்னால் படக்கருவியோடு ஓடும் ‘காப்ஸ்’ நிகழ்ச்சி 1989 இல் வந்தது. கதாசிரியருக்குச் சம்பளமில்லை, நட்சத்திர நடிகருக்குச் சம்பளமில்லை. சாமானிய மனிதரின் கோபமும் கண்ணீருமே மூலப்பொருள். கொள்முதல் விலை குறைந்த சரக்கை எந்த வியாபாரிதான் விடுவான்?

1999 இல் நெதர்லாந்து நாட்டில் ஜான் டி மோல் என்பவர் ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். சிலரை ஒரு வீட்டில் அடைத்து, வெளியுலகத் தொடர்பை அறுத்து, இரவும் பகலும் படம்பிடித்து, ஒவ்வொருவராக வெளியேற்றுவது அதன் அமைப்பு. இந்த அமைப்பே நாடு நாடாக விற்கப்பட்டது. பெயரும் செய்முறையும் ஒருவருடையவை. கடை மட்டும் ஒவ்வோர் ஊரிலும் திறக்கப்படும். இந்தியில் 2006 இலும், தமிழில் 2017 ஜூன் மாதத்திலும் ‘பிக் பாஸ்’ என்ற பெயரில் அது வந்து சேர்ந்தது. நம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

நம் கரையில் நடந்தவை

இது எங்கோ மேல்நாட்டில் நடக்கும் கூத்து என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அமெரிக்காவின் ‘சர்வைவர்’ முதல் தொடர் 2000 ஆம் ஆண்டில் படமாக்கப்பட்டது நம் சபா மாநிலத்துப் புலாவ் தீகா தீவில். பதினாறு பேர், 39 நாட்கள், கடைசியில் எஞ்சுபவருக்கு பத்து லட்சம் டாலர். ஒன்றாக உண்டு உறங்கியவர்களே ஒருவரையொருவர் வாக்களித்து வெளியேற்றினார்கள். இறுதி நாளை ஐந்து கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். வென்றவரின் கதையையும் வியாபாரிகள் அறிந்துகொள்வது நல்லது: அந்தப் பரிசுத் தொகைக்கு வரி செலுத்தாத குற்றத்திற்காக அவர் 2006 இல் சிறைத் தண்டனை பெற்றார்.

மலேசியாவில் 2003 இல் ‘அகடமி ஃபாண்டாசியா’ வந்தது. குறுஞ்செய்தி வாக்குக்கு மக்கள் காசு செலவழிக்கப் பழகினார்கள். சிங்கப்பூரில் 2004 இல் ‘சிங்கப்பூர் ஐடல்’ தொடங்கியது. சீனப் பெருமக்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் தௌபீக் பாதிசாவும், 2006 இல் ஹாடி மிர்சாவும் பொதுமக்கள் வாக்கினால் வென்றார்கள். இன வேற்றுமை பாராது திறமைக்கு மதிப்புக் கிடைத்ததை நாம் மறைக்கக் கூடாது.

2018 இல் இங்கிலாந்தின் ‘மாஸ்டர்செஃப்’ நிகழ்ச்சியில் நடந்ததை நம் உணவுக்கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேசியாவில் பிறந்த ஒரு பெண்மணி நாசி லெமாக்குடன் கோழி ரெண்டாங் சமைத்து வைத்தார். தோல் மொறுமொறுப்பாக இல்லையென்று நடுவர் ஒருவர் குறை கூறினார். அந்த அம்மையார் போட்டியிலிருந்து வெளியேற நேர்ந்தது. மெல்லிய தீயில் மணிக்கணக்காக வேகும் ரெண்டாங்கில் மொறுமொறுப்பைத் தேடுவார் உண்டோ? மலேசியாவும் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் ஒரே குரலில் எதிர்த்தன. அன்றைய பிரதமரே பேசும்படி ஆயிற்று. நம் சட்டியின் ருசியை அறியாத ஒருவர் உலகத்தார் முன் தீர்ப்புச் சொன்னபோது நமக்கு எவ்வளவு வலித்தது! அந்தப் பையனின் வழக்கை அறியாமல் நாம் தீர்ப்புச் சொன்னபோது அவனுக்கும் அப்படித்தானே வலித்திருக்கும்?

மேலே உலர்ந்த தானியம்

‘மெய்’ என்ற பெயர் இந்தச் சரக்குக்குப் பொருந்துமா என்று பார்ப்போம். மேலே சொன்ன 1973 ஆம் ஆண்டுத் தொடருக்காக ஏறத்தாழ 300 மணி நேரம் படம்பிடித்தார்கள். காட்டியதோ 12 பகுதிகள். நல்லவற்றை ஒதுக்கித் தங்கள் குறைகளையே முன்னிறுத்தினார்கள் என்று அக்குடும்பத்தார் மனம் வருந்திக் கூறினார்கள். எதைக் காட்டுவது, எதை வெட்டுவது, எந்தச் சொல்லுக்குப்பின் யாருடைய முகத்தை ஒட்டுவது என்பதெல்லாம் தயாரிப்பவர் கையில். ஒருவன் பத்து நாள் பொறுத்திருந்து பதினோராம் நாள் சினந்தால், பார்ப்பவருக்குக் கிடைப்பது அந்தச் சினம் மட்டுமே.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருநாள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த வரலாற்றை நாமெல்லாரும் கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றான் விற்றவன். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபிகளார் கண்டித்தார்கள். ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவனல்லன் என்றும் எச்சரித்தார்கள். மெய்க்காட்சியின் குவியலும் இத்தகையதே. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே ஈரம் மேலே இருக்கும், உலர்ந்த நல்ல தானியம் உள்ளே மறைந்திருக்கும். எப்படி அடுக்கினாலும் குவியல் பொய் சொல்கிறது. குறையை மறைத்து விற்பது மோசடியென்றால், ஒரு மனிதனின் நிறையை மறைத்துக் குறையை மட்டும் விற்பது மோசடியாகாதோ?

ஐந்தொகை போட்டுப் பார்த்தால்

விற்பவர் தொலைக்காட்சி நிலையத்தார். வாங்குபவர் விளம்பர நிறுவனத்தார். அப்படியானால் விற்கப்படும் சரக்கு எது? பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான். நம் கண்ணும் நம் நேரமும் எண்ணிக்கை போட்டு விலை பேசப்படுகின்றன. சமாதானத்தை விடச் சண்டைக்கே கூட்டம் கூடுமாதலால், சண்டை மூட்டும்படியாகவே வீட்டின் விதிகள் அமைக்கப்படுகின்றன. அதற்குமேல் வாக்குக்கு வேறு காசு. இங்கிலாந்தில் தொலைபேசிவழி வாக்குகளிலும் போட்டிகளிலும் நேயர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காக நடத்தாத குற்றத்திற்காக, ஐ.டி.வி. நிறுவனத்திற்கு 2008 இல் 56 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. காசை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்காதவனை நம் வட்டாரத்தில் என்னவென்று சொல்லுவோமோ அதுவேதான் இதுவும்.

நஷ்டக் கணக்கில் மனித உயிர்களும் உள்ளன. ஜப்பானில் ‘டெரஸ் ஹவுஸ்’ என்ற நிகழ்ச்சியில் கலந்துகொண்ட ஹனா கிமுரா என்னும் 22 வயது மல்யுத்த வீராங்கனை, உடன் வசித்தவரோடு ஓர் உடையின் பொருட்டுச் சினந்து பேசியது ஒளிபரப்பாயிற்று. முகமறியாதவர்கள் நாள்தோறும் வசைமாரி பொழிந்தார்கள். 2020 மே மாதத்தில் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்குமுன் ஜப்பானியச் சட்டத்தில் பிறரை இழிவுபடுத்துவதற்கான அபராதம் 10,000 யென்னுக்கும் குறைவே. 2022 இல் சட்டத்தைத் திருத்தி, ஓராண்டு வரை சிறையும் 3 லட்சம் யென் வரை அபராதமும் விதிக்கலாம் என்றாக்கினார்கள். இங்கிலாந்திலும் நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தோர் சிலர் இறந்தபின், பங்கெடுப்பவர்களின் நலனைக் காக்க 2021 முதல் புதிய ஒளிபரப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஓர் உடையைப் பற்றிய சிறு சச்சரவு! வசை எழுதிய ஒவ்வொருவரும் தாம் ஒரு வரிதானே எழுதினோம் என்று எண்ணியிருப்பர். ஒரு பிடி மண்ணாகப் பலர் சேர்ந்து போட்டதே புதைகுழியை மூடிற்று.

பெயர்ப்பலகை மட்டும் போதுமா?

‘இஸ்லாமிய முறையில் நடத்தினால் சரியாகிவிடாதா?’ என்று சிலர் கேட்கலாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் நம்முன் உள்ளன.

2004 இல் பஹ்ரைனில் ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியின் அரபுப் பதிப்பைத் தொடங்கினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி உறங்குமிடம், தொழுவதற்கு அறை என்றெல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆயினும் மக்கள் எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. அடைத்துவைத்து வேவு பார்ப்பது என்ற அடிப்படை மாறாமல் தொழுகை அறை மட்டும் சேர்த்தது, பொருளைப் பாராமல் ‘ஹலால்’ சீட்டு ஒட்டியது போலாயிற்று.

2010 இல் மலேசியாவின் அஸ்ட்ரோ ஓயாஸிஸ் அலைவரிசையில் வந்த ‘இமாம் மூடா’ வேறு வகை. பத்து இளைஞர்கள் பள்ளிவாசலைச் சார்ந்து தங்கி, மார்க்கக் கல்வியிலும் சமுதாயப் பணியிலும் சோதிக்கப்பட்டார்கள். உரிமை கோருவாரற்ற மையித்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வதும் அச்சோதனைகளில் ஒன்று. மக்கள் வாக்கு இல்லை. கற்றறிந்த நடுவர்களே தீர்மானித்தார்கள். பள்ளிவாசல் பணி, கல்வி உதவி, ஹஜ்ஜுப் பயணம் ஆகியவை பரிசாகக் குறிக்கப்பட்டன. பாடகர்களையே கண்டு மயங்கிய பிள்ளைகள் இமாம் ஆவதையும் ஒரு பெருமையாக எண்ணத் தொடங்கினார்கள். ஆயினும் இபாதத்துச் செய்யும் பிள்ளையைப் புகழ் மேடையில் ஏற்றினால் முகஸ்துதி என்னும் நோய் பற்றாதா என்று பெரியவர்கள் கேட்டால், அக்கேள்வியும் நியாயமானதே.

2015 இல் இங்கிலாந்தின் ரொட்டி, கேக் சுடும் போட்டியில் முக்காடணிந்த வங்காள வழி முஸ்லிம் பெண்மணி நதியா ஹுசைன் வென்றார். மறு ஆண்டு எலிசபெத் அரசியாரின் 90 ஆம் பிறந்த நாளுக்குக் கேக் செய்யும் பேறும் அவருக்குக் கிடைத்தது. அங்கே காட்டப்பட்டது அவருடைய கைத்திறன். அவருடைய மானம் விலைபேசப்படவில்லை. ஆகவே எல்லா மெய்க்காட்சிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. மூன்று எடைக்கற்களைக் கொண்டு நிறுத்துப் பார்க்கலாம்: காட்டப்படுவது திறமையா, மனிதனின் குறையா? தோற்றவன் கண்ணியத்தோடு திரும்புகிறானா, அவமானத்தோடு திரும்புகிறானா? பார்த்து முடித்த நாம் எதையேனும் கற்றுக்கொண்டோமா, யாரையேனும் இகழ்ந்து எழுந்தோமா?

மார்க்கம் கூறும் அளவுகோல்

திருக்குர்ஆனின் 49 ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத்தை இந்த விஷயத்திற்காகவே ஒருமுறை அமைதியாக ஓதிப் பொருளறிய வேண்டுகிறோம். நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது அதன் 6 ஆம் வசனத்தின் கட்டளை. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரிடும் என்பது அதற்குக் காரணம். பரிகாசம் செய்வதும் பட்டப்பெயர் சூட்டுவதும் 11 ஆம் வசனத்தில் விலக்கப்படுகின்றன. வீண் சந்தேகம், பிறர் குறையைத் துருவித் தேடுதல், புறம் பேசுதல் ஆகிய மூன்றும் 12 ஆம் வசனத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கப்படுகின்றன. இந்த வரிசையைக் கவனியுங்கள். சந்தேகத்தில் தொடங்கி, வேவில் வளர்ந்து, புறத்தில் முடிகிறது. அந்த மாலையில் நம் கடையில் நடந்ததும் அதே வரிசைதான்.

83 ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைப் பற்றியது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிப் பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு உண்டென்று அது எச்சரிக்கிறது. நம் வீட்டுக் குறை வெளியே தெரியலாகாது என்று கதவைச் சாத்துகிறோம். அயலான் வீட்டுக் குறையைப் பார்க்கக் காசு கொடுக்கிறோம். மானத்தை அளக்கும் மரக்கால் நம் கையில் இரண்டாக இருப்பது நியாயமா?

செய்யத்தக்கவை

முதலாவது, கடையில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டி முதலாளியின் பொறுப்பு. வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகக் கெட்டுப்போன கறியை நாம் பரிமாறுவதில்லை. செய்தி, விளையாட்டு, சமையல், பயணம் என நல்லவை எத்தனையோ உண்டு.

இரண்டாவது, சிப்பந்தியின் தவற்றை விசாரிப்பதானால் உள்ளறையில், மூத்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு, கணக்கைச் சரிபார்த்தபின் விசாரிக்க வேண்டும். வாடிக்கையாளர் முன் விசாரணை வேண்டாம். ஊரில் ஒரு தாய் அவனை நம் கையில் அமானத்தாக ஒப்படைத்திருக்கிறாள்.

மூன்றாவது, பிறர் மானம் சம்பந்தப்பட்ட படம் கைபேசிக்கு வந்தால் அது நம்மோடு நிற்கட்டும். அனுப்பியவருக்குத் தனியாக ஒரு வார்த்தை நயமாகச் சொல்லலாம்.

நான்காவது, விளம்பரத்துக்கும் பரிசுக்கும் பணம் கொடுக்கும் வியாபாரிகள் அந்த நிகழ்ச்சியை முன்னே சொன்ன மூன்று எடைக்கற்களால் நிறுத்துப் பார்த்துக் கொடுக்கட்டும். பணம் நின்றால் சரக்கும் மாறும்.

ஐந்தாவது, பிள்ளைகளிடம் ‘பார்க்காதே’ என்று அதட்டுவதால் மட்டும் பயனில்லை. கைபேசி அவர்கள் கையில் இருக்கிறது. உடன் அமர்ந்து, “இதில் எதை வெட்டியிருப்பார்கள்? இதனால் யாருக்கு லாபம்?” என்று கேட்டுப் பழக்க வேண்டும். குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை எளிதில் ஏமாறாது.

மாதக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. ஒருவரின் குறையை மறைப்பது எப்போது கடமை? பிறர் பாதுகாப்புக்காக அதை வெளியிடுவது எப்போது கடமை?

2. புகழ் மேடையில் மார்க்கத்தைக் காட்டுவதால் வரும் நன்மை எது, தீமை எது?

3. நம் கடையில் இன்று திருட்டுச் சந்தேகம் எழுந்தால் நாம் பின்பற்றும் முறை என்ன? அது எழுத்தில் உள்ளதா?

சகோதரர்களே! அந்தத் தம்பி நம்மை மன்னித்தான் என்றோம். அவன் மன்னித்தது முதலாளியை. அவர்தான் நேரில் கேட்டார். படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களையும் பரப்பியவர்களையும் அவன் அறியமாட்டான். அவர்கள் இதுவரை கேட்கவுமில்லை. மனிதருக்குச் செய்த அநீதியை அந்த மனிதரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம். அவனுடைய ஊர் முகவரியும் தொலைபேசி எண்ணும் அந்த முதலாளியிடம் இருக்கின்றன. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்திலேயே, இன்ஷா அல்லாஹ், நாம் அவனோடு பேசுவதாக இருக்கிறோம். உடன் பேச விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் வந்து சேருங்கள்.

வஸ்ஸலாம்.